அடுத்த தலைவர் எங்கிருந்து வருவார்? – தரமணி சொல்லும் பாடம்

சங்கப் பயிற்சிப் பாடம்

சர்க்கரை மூட்டை அடியைத் தொட்ட பிறகு மொத்தக் கடைக்கு ஆள் அனுப்புகிறவரை நல்ல வியாபாரி என்று நாம் சொல்வதில்லை. பாதி மூட்டை இருக்கும்போதே அடுத்த மூட்டைக்குச் சொல்லி வைப்பவர்தான் வியாபாரி. அப்போதுதான் வந்த வாடிக்கையாளரை "இல்லை" என்று திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். இது நமக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் சங்கம் என்று வரும்போது நம்மில் பலர் இந்தக் கணக்கை மறந்து விடுகிறோம். தலைவருக்கு உடல்நலம் குன்றிய பிறகு, செயலாளர் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போன பிறகு, "அடுத்து யார்?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். அந்த நேரத்தில் கிடைப்பவர் யாரோ அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிறோம். அவருக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எந்த மேசையில் எந்த வேலை நடக்கும் என்பது தெரியாது. மினிட் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அவர் கற்றுக்கொள்ளும் இரண்டு ஆண்டுகளில் சங்கத்தின் சந்தா பாதியாகக் குறைந்து விடுகிறது.

தலைவர்களைத் திட்டமிட்டு உருவாக்க முடியுமா, அதற்கு வழிமுறை உண்டா, என்பதே இந்தப் பாடத்தின் கேள்வி. விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் கடைகளுக்குப் பக்கத்திலேயே, தரமணியில், ஒரு நிறுவனம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்பே இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறது.

தரமணியில் ஒரு நிறுவனம்

தரமணி என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் நினைவு வருவது 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும், ராஜீவ் காந்தி சாலையில் வரிசையாக நிற்கும் கணினி நிறுவனங்களும்தான். ஆனால் அதற்கு முன்பே இங்கே கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்று எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்.

கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன், உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர். 1987-இல் கிடைத்த அந்தப் பரிசுத் தொகையைக் கொண்டு 1988-இல் இந்த நிறுவனத்தை ஏற்படுத்தினார். 2023 செப்டம்பரில் சென்னையில் காலமானார். 2024-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. பசுமைப் புரட்சி என்ற அளவில் அவர் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் வணிகர்களாகிய நாம் கற்க வேண்டிய பாடம் அவர் நிறுவனத்தின் வேறொரு வேலையில் இருக்கிறது. அதுதான் 1998-இல் புதுவைப் பகுதிக் கிராமங்களில் தொடங்கிய தகவல் மையத் திட்டம். கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் இதற்கு நிதி உதவி செய்தது.

கைப்பேசி கிராமத்துக்கு வராத காலம் அது. தொலைபேசி கூட ஊருக்கு ஒன்றிரண்டுதான். அந்த நாளில் கிராமத்தில் ஒரு கணினியை வைத்து, விவசாயிக்கும் மீனவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் வேண்டிய செய்தியைத் தமிழில் தருவது என்று முடிவு செய்தார்கள். வில்லியனூரில் ஒரு நடு மையம். அங்கே செய்திகளைத் திரட்டி, தமிழில் எழுதி, கம்பியில்லாக் கருவி மூலம் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கிராமத்து மையம் அதை ஊருக்குச் சொல்லும். நம் பாஷையில் சொல்வதானால் வில்லியனூர் மொத்தக் கடை, கிராமங்கள் சில்லறைக் கடை. மின்சாரம் நிற்கும் நேரத்துக்காகச் சூரிய ஒளித் தகடுகளும் வைத்தார்கள்.

கடைக்காரரே முதல் தகவல் மையம்

திட்டத்தைத் தொடங்கும் முன் அவர்கள் செய்த முதல் வேலையைக் கவனியுங்கள். கணினி வாங்கப் போகவில்லை. "உங்களுக்கு வேண்டிய செய்தி இப்போது யாரிடமிருந்து கிடைக்கிறது?" என்று கிராம மக்களிடமே போய்க் கேட்டார்கள்.

கிடைத்த பதில் நம்மைப் பெருமைப்படுத்தக் கூடியது. உள்ளூர்க் கடைக்காரர், சந்தை, உரமும் பூச்சிமருந்தும் விற்கும் முகவர் ஆகியோர்தாம் கிராமக் குடும்பங்களுக்குச் செய்தி கொண்டு சேர்ப்பதில் முக்கியமானவர்கள் என்று அந்த ஆய்வு காட்டியது.

இதில் நமக்கு வியப்பு இல்லை. எந்தத் தெருவில் வீடு காலியாக இருக்கிறது, எந்த டாக்டர் இன்று விடுமுறை, ரேஷன் கடையில் பாமாயில் வந்ததா என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியைக் கேட்டால் தெரியும். தெருவில் யார் கஷ்டத்தில் இருக்கிறார் என்பது அவருடைய கடன் நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆக, தலைமைக்கு வேண்டிய முதல் சரக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஊர் நம்மை நம்பிக் கேட்கிறது. இல்லாதது, அந்த நம்பிக்கையைப் பொதுக் காரியத்துக்குத் திருப்பும் பயிற்சிதான்.

ஆளைத் தேர்ந்தெடுத்த முறை

தரமணி நிறுவனம் கிராமங்களோடு ஓர் உடன்பாடு செய்து கொண்டது. அதன் முக்கியமான நிபந்தனைகளை நம் சங்கங்கள் அப்படியே எழுதி வைத்துக் கொள்ளலாம்.

ஒன்று, மையத்துக்கு இடத்தை ஊரே வாடகையில்லாமல் தர வேண்டும். இலவசமாக வந்த பொருளை யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்பது வியாபாரிக்குத் தெரிந்த உண்மை. தன் பங்கு ஒன்று உள்ளே இருந்தால்தான் ஊர் அதைத் தன்னுடையது என்று நினைக்கும்.

இரண்டு, மையத்தை நடத்தும் தொண்டர்களை நிறுவனம் நியமிக்காது. ஊர்தான் தேர்ந்து தர வேண்டும். நிறுவனம் கணினியும் கம்பியில்லாக் கருவியும் கையாளப் பயிற்சி கொடுக்கும். அவ்வளவுதான்.

மூன்று, சாதி, ஆண் பெண் வேற்றுமை இல்லாமல் எவரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக் கொள்ள வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனை சொல்வதற்கு எளிது, நடத்துவதற்குக் கடினம். எம்பலம் கிராமத்தில் மையத்துக்குக் கிடைத்த இடம் கோயிலைச் சேர்ந்த கட்டடம். அங்கே ஒரு வாசல் சன்னதிக்குப் போகும். அந்த வாசலில் பழைய கட்டுப்பாடுகள் அப்படியே இருந்தன. மற்றொரு வாசல் கணினி இருந்த அறைக்குப் போகும். அந்த வாசலில் யாருக்கும் தடை இல்லை. அறையை நடத்தியவர்கள் பள்ளிப் படிப்பு மட்டுமே படித்த உள்ளூர்ப் பெண்கள். அரசுத் திட்டங்களின் விவரம், மருத்துவமனைச் செய்தி, விளைபொருள் விலை ஆகியவற்றை ஆண்களும் வந்து அந்தப் பெண்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

தலைமை எப்படி வளர்கிறது என்பதை இங்கே பார்க்கலாம். "நீதான் தலைவி" என்று யாரும் அந்தப் பெண்களுக்கு மாலை போடவில்லை. ஊருக்குத் தினமும் தேவைப்படும் ஒரு வேலையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். வேலையை ஒழுங்காகச் செய்யச் செய்ய, ஊர் அவர்களைத் தேடி வந்தது. மதிப்பு பின்னால் வந்து சேர்ந்தது. நம் சங்கங்களில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் பதவி, பிறகு சால்வை, அதற்குப் பிறகு "ஐயா, ஏதாவது வேலை செய்யுங்கள்" என்ற வேண்டுகோள்.

ஒலிபெருக்கி காப்பாற்றிய ஊர்

வீராம்பட்டினம் மீனவ கிராமம். அங்கே மையத் தொண்டர்கள் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணைய தளத்திலிருந்து எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மீனவர்களுக்கு அது உதவியது.

நல்லவாடு என்ற மற்றொரு மீனவ கிராமத்திலும் அதே போல ஒலிபெருக்கி ஏற்பாடு இருந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை. அந்த ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். இந்தோனேசியாவில் கடல் பொங்கிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து, ஊரில் இருந்த தம் வீட்டாருக்குத் தொலைபேசியில் சொன்னார். செய்தி கையிலிருந்து கைக்குப் போயிற்று. சிலர் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எல்லோரும் வெளியேறும்படி அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன. உயிர் ஒன்றும் போகவில்லை.

ஒலிபெருக்கி பல ஊர்களில் உண்டு. அன்று நல்லவாட்டைக் காப்பாற்றியது அந்தக் குழாய் மட்டும் அல்ல. அந்தக் குழாயில் வரும் குரலை ஊர் நம்பிப் பழகியிருந்தது. அதில் வந்த அறிவிப்புகள் பயன்பட்டதை மீனவர்கள் பல நாள் கண்டிருந்தார்கள். அதனால் "ஓடுங்கள்" என்று கேட்டபோது, "யார் சொன்னது? உண்மையா?" என்று விசாரித்துக் கொண்டு நிற்கவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். கதவு பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் வரட்டும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. அவசரத்தில் பொறுப்பை எடுத்துக் கொள்ள ஊரில் ஆள் இருந்தது.

நம் பக்கம் வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரிப் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து சரக்கு நாசமானதை நாம் மறக்கவில்லை. கீழ் அடுக்கில் அரிசி, பருப்பு மூட்டை வைத்திருந்தவர்களுக்குத்தான் அதிக நஷ்டம். தெருவுக்கு ஒருவர், "தண்ணீர் வரப் போகிறது, சரக்கை மேலே ஏற்றுங்கள்" என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல்லை நம்பி நாம் நடந்திருப்போமா? அப்படிச் சொல்லத் தகுதி பெற்றவர் நம் தெருவில் யார்? இந்தக் கேள்விக்கு உடனே ஒரு பெயர் நாவில் வரவில்லை என்றால், நம் சங்கத்தின் சரக்கு இருப்பு எவ்வளவு என்பது புரிந்துவிடும்.

கிராமத்துக்கு ஓர் அகாடமி

கிராம மையங்களுக்கு 2001-இல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. ஆனால் விருதோடு தரமணிக்காரர்கள் நிற்கவில்லை. மையங்கள் நடத்தும் இந்தத் தொண்டர்களை அடுத்த படிக்கு எப்படி உயர்த்துவது என்று யோசித்தார்கள். 2003-இல் டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு ஜாம்ஷெட்ஜி டாட்டா தேசிய மெய்நிகர் அகாடமி என்ற அமைப்பு தொடங்கியது.

டாக்டர் சுவாமிநாதன் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக 1973-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அத்தகைய விஞ்ஞானக் கழகங்களில் ஒருவருடைய தகுதியை அவரோடு ஒத்த விஞ்ஞானிகளே எடை போட்டு உறுப்பினராக்குவார்கள். இதே மரியாதையைக் கிராமத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் தரக்கூடாது என்பது அவருடைய கேள்வி. ஊருக்குத் தொண்டு செய்து, தாம் கற்றதைப் பிறருக்குக் கற்றுக் கொடுக்கும் கிராமத்தவர்களைத் தேர்ந்து 'ஃபெல்லோ' என்ற சிறப்பைக் கொடுத்தார்கள். பட்டப்படிப்பு அதற்கு நிபந்தனை அல்ல. 2005 ஜூலையில் தில்லியில் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம் இவர்களில் பலருக்கு அந்தச் சிறப்பை வழங்கினார். நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று பத்து லட்சம் பேரை உருவாக்க வேண்டும் என்பது டாக்டர் சுவாமிநாதன் வைத்த இலக்கு.

2004 அக்டோபரில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் உதவியோடு கிராம வள மையங்கள் தொடங்கின. தரமணியில் உட்கார்ந்து கொண்டு ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலும், திருவையாற்றிலும், திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியிலும் உள்ளவர்களோடு நேருக்கு நேர் பார்த்துப் பேச முடிந்தது. மீனவர் கேட்கும் கேள்விக்கு நிபுணர் உடனே பதில் சொன்னார்.

பிறகு கைப்பேசி வந்தது. 2007-க்குப் பிறகு அலை உயரம், காற்று வேகம் ஆகிய செய்திகள் மீனவரின் கைப்பேசிக்கே போகத் தொடங்கின. ஊர்க் கணினி அறையைத் தேடி வரும் தேவை குறைந்தது. அப்படியானால் போட்ட முதல் வீணா? இல்லை. கருவி பழசாகும். வயர்லெஸ் போய்க் கணினி, கணினி போய்க் கைப்பேசி. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசவும், அதிகாரியிடம் விவரம் கேட்கவும், கணக்கு எழுதவும், பத்துப் பேருக்குச் சொல்லித் தரவும் பழகியவர் பழசாவதில்லை. சங்கக் கட்டடத்துக்கு நாம் போடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது சங்கத்து ஆட்களுக்குப் போடச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மற்ற இடங்களில்

இப்படிப்பட்ட பயிற்சியைத் தொண்டு நிறுவனங்கள்தாம் நடத்த வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் 1969-இல் தொடங்கிய சமுதாயத் தலைமைப் பயிற்சித் திட்டத்துக்குப் பின்னால் இருந்தது அந்த நகரத்து வர்த்தக சபை. ஆண்டுக்கு ஓர் அணியைத் தேர்ந்து, பல துறைகளைச் சேர்ந்தவர்களை ஒன்றாக உட்கார வைத்து, நகரத்தின் பிரச்சினைகளை மாதந்தோறும் நேரில் படிக்க வைக்கும் முறை அது. பிறகு அமெரிக்காவின் பல நகரங்களில் வர்த்தக சபைகள் அதைப் பின்பற்றின.

நம் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் இருக்கிறது. வேதியியல் பொறியாளரான இரா.இளங்கோ, சென்னையில் சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். தன் ஊரைச் சீர் செய்ததோடு அவர் நிற்கவில்லை. மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பஞ்சாயத்து அகாடமி ஒன்றைத் தொடங்கினார். ஓட்டு வாங்கி வென்ற தலைவருக்கும் பயிற்சி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நம் சங்கத்துக்கு ஒரு திட்டம்

மேலே கண்டவற்றை வைத்து, எந்தத் தெருச் சங்கமும் செய்யக் கூடிய ஓராண்டுத் திட்டம் ஒன்றை இங்கே வைக்கிறோம். ஊருக்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளலாம்.

ஆள் எண்ணிக்கை: 10 பேர் போதும். அவர்களில் குறைந்தது 3 பேர் பெண்கள். கடைக்குச் சொந்தக்காரர் கணவர் என்று பலகையில் இருந்தாலும், பகல் முழுவதும் கல்லாவில் இருந்து வியாபாரம் நடத்தும் சகோதரிகள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். மொத்த வியாபாரி ஒருவர், தள்ளுவண்டி அல்லது நடைபாதை வியாபாரி ஒருவர், கடையில் வேலை பார்த்து நாளை தனிக்கடை வைக்கப் போகும் இளைஞர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை: நிர்வாகிகள் பெயர் சொல்லக் கூடாது. ஒவ்வொரு தெருவிலும் கடைக்காரர்கள் ஒரு சீட்டில் இரண்டு பெயர் எழுதட்டும். "உங்களுக்கு ஓர் அவசரம் என்றால் இந்தத் தெருவில் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்ற ஒரே கேள்விதான். தன் பெயரைத் தானே எழுதக் கூடாது.

முதல் 3 மாதம்: தெருக் கணக்கு. தெருவில் எத்தனைக் கடை, என்னென்ன வியாபாரம், எந்தக் கடைக்கு எந்த உரிமம் பாக்கி, எங்கே மழைத் தண்ணீர் நிற்கிறது, எங்கே விளக்கு எரிவதில்லை என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுதியதைத் தெருவாரிடமே படித்துக் காட்டிச் சரி பார்க்க வேண்டும். கேட்டு எழுதுவதுதான் தலைமையின் அரிச்சுவடி.

அடுத்த 3 மாதம்: அலுவலகங்களை அறிதல். மாநகராட்சியின் 13-ஆவது மண்டலமான அடையாறு மண்டல அலுவலகம், எடையளவு முத்திரை அலுவலகம், உணவுப் பாதுகாப்புத் துறை, ஜி.எஸ்.டி. அலுவலகம், மின்வாரியம், காவல் நிலையம் ஆகியவற்றுக்கு இரண்டு இரண்டு பேராகப் போய், ஒரு கடைக்காரரின் உண்மையான வேலை ஒன்றை முடித்துக் கொண்டு வர வேண்டும். அதை எப்படி முடித்தோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் சங்கத்தில் வைக்க வேண்டும். ஓராண்டில் அந்தப் பக்கங்களே சங்கத்தின் கையேடாகி விடும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி மாமன்ற உறுப்பினர் தலைமையில் வார்டு குழுவும், அதற்குக் கீழே பகுதி சபையும் உண்டு. அங்கே போய் உட்கார்ந்து கேட்கவும் பழக வேண்டும்.

அடுத்த 3 மாதம்: சங்க வேலை. மினிட் எழுதுதல், சந்தா ரசீது, வரவு செலவுக் கணக்கு, கூட்ட அறிவிப்பு, மனு எழுதுதல். கூட்டத்தில் 5 நிமிடம் பேச வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் மணி அடித்து விடலாம். சுருக்கமாகப் பேசத் தெரியாதவர் அதிகாரியின் முன் நின்று பயனில்லை.

கடைசி 3 மாதம்: ஒரு பொறுப்பு. வெள்ளக் கால எச்சரிக்கை, குப்பைப் பிரச்சினை, கண் சிகிச்சை முகாம் என்று ஏதாவது ஒன்றைப் பத்துப் பேரும் சேர்ந்து தாங்களே முடிவு செய்து நடத்த வேண்டும். நிர்வாகிகள் தள்ளி நின்று பார்க்கட்டும். சிறு தவறு நடந்தால் நடக்கட்டும். கல்லாவில் உட்காராமல் யாரும் கணக்குக் கற்றதில்லை.

ஆண்டு முடிவில் அந்தப் பத்துப் பேரில் ஒவ்வொருவரும் அடுத்த அணிக்கு ஒருவரைக் கற்றுக் கொடுக்க ஏற்க வேண்டும். தரமணி முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கற்றதைப் பிறருக்குத் தருபவரையே அங்கே ஃபெல்லோ என்றார்கள்.

சில ஐயங்கள்

"கடையை யார் பார்ப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாதத்தில் இரண்டு முறை, வியாபாரம் மந்தமாக இருக்கும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை என்று வைத்துக் கொள்வோம். மாதத்துக்கு 4 மணி நேரம். கடைக்குள் தண்ணீர் புகுந்த ஒரு நாளின் இழப்பைக் கணக்குப் பார்த்தால் இந்த நேரம் பெரிதல்ல.

"பெரிய பிரச்சினை வந்தால் மாநில அளவில் பேசப் பேரமைப்புகள் இருக்கின்றனவே?" என்பது இன்னொன்று. இருக்கின்றன, நல்லதே. ஆனால் 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாறியபோது, ஒவ்வொரு தெருவிலும் சில்லறைக் கடைக்காரருக்குக் காய்கறி எப்படி வரும், எத்தனை மணி வரை கடை திறக்கலாம், அனுமதிச் சீட்டு எங்கே வாங்குவது என்ற கேள்விகளுக்கு அன்றன்றே தெருவிலேயே பதில் வேண்டியிருந்தது. மாநிலத் தலைவர் ஒவ்வொரு தெருவுக்கும் வர முடியாது.

மூன்றாவது ஐயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பழக்கிவிட்டால் நாளைக்கு நமக்கே எதிராக நிற்பான்" என்பதுதான் அது. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. நிற்கத்தான் செய்வார். நிற்கட்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, நிர்வாகக் குழுவின் பதவிக் காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. மீண்டும் வரத் தடை இல்லை என்றாலும், மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது உறுப்பினர்களைக் கேட்டுக் கொள் என்பதுதான் அதன் பொருள். எதிர்த்து நிற்க ஒருவர் இருக்கிறார் என்றால் சங்கம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். போட்டியே இல்லாமல் இருபது ஆண்டு ஒருவரே தலைவராக இருக்கும் சங்கத்தில், அவருக்குப் பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டுமே. கடையை மகனுக்கோ மகளுக்கோ விட்டுச் செல்ல நாம் பத்து ஆண்டு முன்பே பழக்குகிறோம். கல்லாச் சாவியைக் கொடுத்துப் பார்க்கிறோம். கொள்முதலுக்கு அனுப்பிப் பார்க்கிறோம். அதே பொறுமையைச் சங்கத்துக்கும் காட்ட வேண்டும்.

கூட்டத்தில் விவாதிக்க

1. நம் தெருவில் அவசரத்துக்கு மக்கள் கூப்பிடும் மூவர் யார்? அவர்களில் சங்கப் பொறுப்பில் இருப்பவர் எத்தனை பேர்?

2. நம் நிர்வாகக் குழுவில் 35 வயதுக்குக் குறைந்தவர் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? நடைபாதை வியாபாரிகளுக்கு நம் கூட்டத்தில் நாற்காலி உண்டா?

3. தலைவரும் செயலாளரும் ஒரு மாதம் ஊரில் இல்லை என்றால் சங்கத்தின் எந்த வேலை நிற்கும்? அந்த வேலையை இன்றே யாருக்குக் கற்றுக் கொடுக்கலாம்?

4. எம்பலத்தில் இரண்டு வாசல் இருந்தது போல, நம் சங்கத்திலும் சிலருக்கு மட்டும் திறக்கும் வாசல் ஏதாவது இருக்கிறதா?

இந்த நான்கு கேள்விகளையும் அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம். விடைகளை மினிட் புத்தகத்தில் எழுதி வைப்போம். பத்துப் பேரின் பெயரை அந்தக் கூட்டத்திலேயே சீட்டு எழுதித் தேர்ந்து விடலாம். அதற்குக் கட்டடமோ நன்கொடையோ வேண்டியதில்லை. ஒரு நோட்டும், மாதம் நான்கு மணி நேரமும், அடுத்தவர் கையில் சாவியைக் கொடுக்கும் மனமும் இருந்தால் போதும்.